போரான் கழன்றுவிடும் முன்

கார்பனையும் போரானையும் பிணைப்பது என் தொழில். பிணைக்கும் வேலையை ஓர் உலோகத்திடம் விட்டுவிடுவோம். பெரும்பாலும் செம்பு, கையில் கொஞ்சம் பணம் இருந்தால் பல்லேடியம். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் வகுப்புகளுக்கு நடுவே இதைச் செய்துவருகிறேன். 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயாவை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் தெரியும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் "என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டால், ரத்த அழுத்த மாத்திரையிலிருந்துதான் தொடங்குவேன்.

லோசார்டான் என்ற மாத்திரை பலருக்குத் தெரியும். அதன் மூலக்கூறுக்குள் இரண்டு பென்சீன் வளையங்கள் நேரடியாக ஒட்டி நிற்கின்றன. இரண்டு வளையங்களை இப்படி ஒட்டுவது ஒரு காலத்தில் பெரும் பாடு. ஒரு வளையத்தில் போரானையும் இன்னொன்றில் புரோமினையும் வைத்து, நடுவில் துளி பல்லேடியத்தைப் போட்டு மெர்க் நிறுவனத்தார் அந்த ஒட்டைப் போட்டார்கள். ஒட்டு முடிந்ததும் போரான் விலகிவிடும். மாத்திரையில் அது இருக்காது. பயிர்களுக்குத் தெளிக்கும் போஸ்கலிட் என்ற பூஞ்சைக்கொல்லியும் இதே வழியில்தான் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் தயாராகிறது. போரான் மருந்திலேயே தங்கிவிடுவதும் உண்டு. ரத்தப் புற்றுநோய்களில் ஒன்றுக்கு 2003 முதல் கொடுக்கப்படும் போர்டெசோமிப், போரானைக் கொண்டுதான் நோய்ச் செல்லின் புரதத்தைப் பிடிக்கிறது. ஆக, போரான் ஒட்டிய கார்பன் சேர்மம் என்பது பலருக்கு வேண்டிய இடைப்பொருள். அதைச் செய்து, தூய்மையாக்கி, பாட்டிலில் அடைத்துக் கொடுப்பவர்கள் நாங்கள்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்களுக்குப் போரான் முதலில் ஒரு தொல்லையாகத்தான் அறிமுகமாகும். செய்முறைத் தேர்வில் கொடுக்கும் உப்பில் போரேட் இருந்தால் அது இடையூறு தரும் அமில உறுப்பு. மூன்றாம் தொகுதிக்குப் போகும் முன் அதை விரட்டியாக வேண்டும். அடர் கந்தக அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்துச் சூடாக்கிப் பற்றவைத்தால் சுடரின் ஓரம் பச்சையாகும். அதைப் பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும். இதே தனிமம் நாட்டு மருந்துக் கடையில் வெங்காரமாகக் கிடைக்கிறது. பொற்கொல்லர் பற்றவைக்கும்போது உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து எடுப்பதற்கு அதைத்தான் தடவுவார். எங்கள் ஆய்வகத்தின் குடுவைகள்கூடப் போரான் கலந்த போரோசிலிக்கேட் கண்ணாடிதான். ஆக்சிஜனோடு சேர்ந்த போரான் இப்படி எங்கும் கிடக்கிறது. அதைக் கார்பனோடு சேர்ப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

இந்தத் துறையின் தொடக்கத்தில் ஓர் இந்தியர் நிற்கிறார் என்பதை முதல் வாரத்திலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிடுவேன். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் பிரவுனிடம் பணியாற்றிய பி.சி. சுப்பா ராவ், எஸ்டர்களை ஒடுக்கும் வினைகளை அளந்துகொண்டிருந்தார். எத்தில் ஸ்டியரேட் எதிர்பார்த்தபடி ஒரு மோலுக்கு 2 பங்கு ஹைட்ரைடை எடுத்துக்கொண்டது. எத்தில் ஓலியேட்டோ 2.37 பங்கு எடுத்தது. இரண்டுக்கும் இருந்த வேறுபாடு, ஓலியேட்டில் இருந்த ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டுமே. அந்த 0.37ஐ அளவீட்டுப் பிசகு என்று தள்ளியிருக்கலாம். தள்ளாமல் துருவியதில், போரான்-ஹைட்ரஜன் பிணைப்பு இரட்டைப் பிணைப்பின் மேல் ஏறி அமர்கிறது என்று தெரிந்தது. 1956இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட அந்தக் கட்டுரையிலிருந்து ஹைட்ரோபோரேஷன் பிறந்தது. 1979இல் பிரவுனுக்கு நோபல் பரிசு வந்தது. பின்னாளில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் எம். பெரியசாமி, சோடியம் போரோஹைட்ரைடோடு அயோடினைச் சேர்த்துப் போரேனைக் குடுவைக்குள்ளேயே உண்டாக்கும் முறையில் விரிவாக வேலை செய்தார். விலை உயர்ந்த போரேன் கரைசலை வாங்க முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி.

பர்டூவில் பிரவுனிடம் பயின்று ஜப்பான் திரும்பிய அகிரா சுசுகி, நோரியோ மியாவுராவோடு சேர்ந்து 1979இல், போரான் சேர்மத்தைப் பல்லேடியத்தின் துணையோடு இன்னொரு கார்பனோடு இணைத்துக் காட்டினார். அதற்காக 2010இல் நோபல் பரிசு. அந்த வினைக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. உலகமே அதைத் தாராளமாகப் பயன்படுத்தியது. எல்லோருக்கும் போரான் சேர்மங்கள் தேவைப்பட்டன. பழைய வழியில் அவற்றைச் செய்ய வேண்டுமானால், புரோமின் உள்ள வளையத்தை மைனஸ் 78 டிகிரியில் பியூட்டைல் லித்தியத்தோடு வினைப்படுத்தி, பிறகு போரேட் எஸ்டரைச் சேர்க்க வேண்டும். மூலக்கூறில் ஒரு கீட்டோனோ நைட்ரோவோ இருந்தால் லித்தியம் அதையும் விட்டுவைக்காது. சென்னையிலிருந்து உலர்பனி வந்து சேர்வதற்குள் பாதி ஆவியாகியிருக்கும் என்பது எங்கள் தனிப் பாடு.

1995இல் இஷியாமா, முராட்டா, மியாவுரா மூவரும் அந்தப் பாட்டை நீக்கினார்கள். இரண்டு போரான்கள் கைகோத்த பிஸ்பினகோலேட்டோடைபோரான் என்ற சேர்மத்தை, வாய் நிறையாதபடி பி-டூ-பின்-டூ என்போம். காற்றில் வைத்தே எடை போடக்கூடிய வெள்ளைத் தூள். அதையும் புரோமின் வளையத்தையும் 3 மோல் சதவீதப் பல்லேடியத்தையும் பொட்டாசியம் அசிட்டேட்டையும் 80 டிகிரியில் கலக்கினால் போரான் வளையத்தில் ஏறிவிடுகிறது. கீட்டோன், எஸ்டர், நைட்ரோ எதுவும் கலையாது. அசிட்டேட்டைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கார்பனேட் போன்ற வலுவான காரத்தைப் போட்டால், அப்போதுதான் பிறந்த போரான் சேர்மம் அதே குடுவையில் மிச்சமிருக்கும் புரோமின் வளையத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டியது இடைப்பொருள். வினை அங்கேயே நின்றாக வேண்டும். அசிட்டேட் அந்த அளவுக்கு மட்டுமே தள்ளும்.

2002இல் இரிடியம் வந்தது. புரோமினே வேண்டாம், வெறும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பிலேயே போரானை ஏற்றலாம் என்று மியாவுரா-ஹார்ட்விக் குழுவும், மிச்சிகனில் ஸ்மித்-மலேட்ஸ்கா குழுவும் காட்டின. இடநெருக்கடி இல்லாத மூலையைப் பார்த்து இரிடியம் உட்காரும். அதை நாம் விரும்பும் மூலைக்கு நகர்த்துவதில் இந்தியாவின் பங்கும் உண்டு: லக்னோ உயிரிமருத்துவ ஆய்வு மையத்தில் புத்ததேப் சட்டோபாத்யாய் குழு, உலோகத்தைப் பற்றி நிற்கும் ஈந்தணைவியின் வடிவத்தை மாற்றிப் பென்சீன் எஸ்டர்களின் நேர் எதிர் முனையில் போரானை ஏற்றியதை 2017இல் வெளியிட்டது. படிக்க ஆனந்தமாக இருக்கும். இரிடியத்தின் விலைப்பட்டியலைப் பார்த்ததும் ஆனந்தம் அடங்கிவிடும்.

காஞ்சிபுரத்தில் உலோகத்தின் விலை எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். ஜரிகையில் வெள்ளி எத்தனை பங்கு, தங்கப் பூச்சு எத்தனை, உள்ளே செம்பு எவ்வளவு என்று கேட்டுத்தான் விவரமானவர்கள் புடவை வாங்குவார்கள். எங்கள் கணக்கும் அதேதான். பல்லேடியத்தைக் கிராமில் வாங்க வேண்டும். செம்பைக் கிலோவில் வாங்கலாம். விலை மட்டும் காரணமல்ல. வாய்வழி மருந்தில் ஒருவர் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் பல்லேடியத்துக்கு மேல் உட்கொள்ளக் கூடாது என்கிறது மருந்துத் துறையின் சர்வதேச வழிகாட்டுதல். செம்புக்கு அந்த எல்லை 3000 மைக்ரோகிராம். கடைசிப் படியில் எஞ்சிய உலோகத்தைத் துடைத்தெடுக்கும் செலவை எண்ணிப் பார்க்கும் தொழிற்சாலைக்காரருக்கு இந்த வேறுபாடு பெரிது.

செம்பு வேலை செய்யும் விதமே வேறு. 2009இல் டாட் மார்டர் குழு, செம்பு அயோடைடு, பியூட்டைல் பாஸ்பீன், பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு ஆகியவற்றைக் கொண்டு அறை வெப்பத்திலேயே அரைல் ஹாலைடுகளில் போரானை ஏற்றிக் காட்டியது. பியூட்டாக்சைடு முதலில் செம்போடு சேரும். அந்தச் செம்பு-ஆக்சிஜன் பிணைப்பு பி-டூ-பின்-டூவை இரண்டாகப் பிளந்து, ஒரு போரானைச் செம்பின் மேலும் இன்னொன்றை ஆக்சிஜனின் மேலும் வைக்கும். ஆக்சிஜன் மேல் மோகம் கொண்ட தனிமம் போரான். அந்த மோகம்தான் வினையை முன்னே தள்ளுகிறது. செம்பின் மேல் ஏறிய போரான் பிறகு வளையத்துக்கு மாறும். அறை வெப்பம் என்று கட்டுரையில் படிக்கும்போது, அது யாருடைய அறை என்று மாணவர்களைக் கேட்பேன். மே மாதத்து ஏனாத்தூர் அறை வேறு கதை. தண்ணீர்த் தொட்டியில் குடுவையை வைத்துத்தான் அந்த அறை வெப்பத்தை உண்டாக்க வேண்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் சிக்கல் வேறு. பொட்டாசியம் பியூட்டாக்சைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மழைக்காலத்து உப்பு ஜாடி போலக் கட்டி தட்டிவிடும். கட்டியான பியூட்டாக்சைடு பாதி பொட்டாசியம் ஹைட்ராக்சைடாகிவிட்டது என்று அர்த்தம். அதைப் போட்டுவிட்டுச் செம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வந்த அன்றே பெரிய பாட்டிலைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து, ஆர்கானில் மூடி வைத்துவிடுவோம். செம்பு அயோடைடு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் கரைத்துத் திரும்பப் படியவைப்போம். டெட்ராஹைட்ரோஃபியூரான் சோடியத்தின் மேல் கொதித்து, பென்சோபீனோன் அடர்நீலம் காட்டும்வரை யாரும் அதைத் தொட மாட்டோம். எந்தக் கட்டுரையும் இதற்கு அரை வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை.

மலிவான உலோகத்தில் வேலை செய்பவர்களைத் துரத்தும் ஒரு சந்தேகம் உண்டு: வினையை நடத்துவது உண்மையில் நம் செம்புதானா? 2003இல் நிக்கோலஸ் லீட்பீட்டர், உலோகமே இல்லாமல் சுசுகி வினை நடப்பதாக அறிவித்தார். 2005இல் அவரே திரும்ப ஆராய்ந்து, போட்ட சோடியம் கார்பனேட்டில் நூறு கோடிக்கு 50 பங்கு பல்லேடியம் இருந்ததைக் கண்டு வெளியிட்டார். அந்தத் துளிக்கும் துளியே வினையை நடத்தியிருக்கிறது. 2019இல் மாஸ்கோவில் அனானிக்கோவ் குழு, கலக்கும் காந்தக் குச்சியின் டெஃப்லான் உறையில் விழுந்த நுண்ணிய கீறல்களில் பழைய வினைகளின் உலோகங்கள் ஒளிந்திருந்து, அடுத்த வினையில் தலைகாட்டும் என்று காட்டியது. அதைப் படித்த பிறகு செம்பு வினைகளுக்கென்று காந்தக் குச்சிகளைத் தனியே பிரித்து வைத்தோம். பல்லேடியம் தொட்ட கண்ணாடி அந்த மேசைக்கு வராது. செம்பு போடாத வெறும் வினை ஒன்று எப்போதும் பக்கத்தில் ஓடும். அதில் ஒன்றும் நடக்காமல் இருந்தால்தான் செம்பு போட்ட குடுவையில் நடந்ததற்கு மதிப்பு.

இத்தனையும் சரியாக அமைந்தால், உலோகம் தன் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் அந்த மாலையில் சொல்லிவைத்தாற்போல் ஒரே செய்தியோடு வருவார்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி வந்து நின்றது நினைவிருக்கிறது.

"மேடம், டி.எல்.சி.ல ஸ்டார்ட்டிங் மெட்டீரியல் சுத்தமா இல்ல. ரியாக்‌ஷன் முடிஞ்சிடுச்சு."

"முடியலம்மா. இனிமேதான் நமக்கு வேலை."

அவள் சிரித்தாள். மறுநாள், பொருளைப் பிரித்தெடுக்க சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இறக்கி, அதாவது எங்கள் பேச்சில் 'காலம்' (column) போட்டு, முடித்தபோது சிரிப்பு இல்லை. காலையில் குடுவையில் இருந்ததில் பெரும்பகுதி மாலையில் கையில் இல்லை, சிலிக்கா தின்றுவிட்டது. இந்த வினைகளில் கிடைக்கும் போரான் எஸ்டர்கள் சிலிக்கா ஜெல்லின் மேல் நேராக இறங்காது. இழுத்துக்கொண்டே வரும்; வழியில் ஈரம் பட்டு எஸ்டர் உடையும்; உடைந்த போரானிக் அமிலம் சிலிக்காவின் ஹைட்ராக்சில்களைப் பிடித்துக்கொண்டு மேலேயே தங்கிவிடும். இதற்கு ஜப்பானியர் ஒரு வழி சொன்னார்கள்: சிலிக்காவை முன்கூட்டியே போரிக் அமிலத்தில் ஊறவைத்து உலர்த்துவது. பிடித்துக்கொள்ளும் இடங்களையெல்லாம் போரிக் அமிலம் நிரப்பிவிட்டால் நம் எஸ்டர் தடையின்றி இறங்கும். அந்தக் கட்டுரை 2012இல் வந்தது. அன்றிலிருந்து போரிக் அமிலச் சிலிக்கா ஒரு பெரிய ஜாடி நிறைய எங்களிடம் எப்போதும் இருக்கும்.

எந்தப் பின்னத்தில் நம் பொருள் இருக்கிறது என்று பார்க்க மஞ்சளின் நிறமியான குர்குமின் கரைசலில் டி.எல்.சி. தட்டை முக்கிச் சூடாக்குவோம். போரான் உள்ள புள்ளி செக்கச்சிவக்கும். மஞ்சள் தாளில் போரேட்டைக் கண்டுபிடிக்கும் பழைய செய்முறையின் வாரிசுதான் இது. தட்டில் பி-டூ-பின்-டூவின் மிச்சமும் சிவக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பிப் பின்னங்களைச் சேர்க்க முடியாது.

எல்லாப் போரான் சேர்மங்களும் ஒரே குணம் கொண்டவையல்ல. சாதாரண ஃபீனைல் போரானிக் அமிலம் நிதானமானது. பிரிடினின் இரண்டாம் இடத்திலோ, ஃப்ளூரின்கள் நிறைந்த வளையத்திலோ இருக்கும் போரான் கொஞ்சம் காரமும் சூடும் பட்டாலே கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிடும். எடின்பரோவில் கை லாய்ட்-ஜோன்ஸ் குழு இதை முறையாக அளந்தது. 70 டிகிரியில் வலுவான காரக் கரைசலில் அரை ஆயுள் சிலவற்றுக்கு ஆறு மாதத்துக்கு மேல். ஐந்து ஃப்ளூரின் கொண்ட ஃபீனைல் போரானிக் அமிலத்துக்கோ மூன்று மில்லிவினாடிகூட இல்லை. இப்படிப்பட்டவற்றைக் காலம் பக்கமே கொண்டுபோகாமல், கூடுமானவரை பொட்டாசியம் ட்ரைஃப்ளூரோபோரேட் உப்பாக மாற்றிவிடுவோம். பளிச்சென்ற படிகத் தூள். காற்றில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் மாற்றுவதற்குப் போடும் பொட்டாசியம் பைஃப்ளூரைடு கண்ணாடியை அரிக்கும், தோலையும் விடாது. அந்த வேலைக்கு பிளாஸ்டிக் பாத்திரமும் கையுறையும் கட்டாயம். போரானிக் அமிலங்களில் பல, பாக்டீரியாக்களில் மரபணு மாற்றத்தை உண்டாக்குகின்றன என்ற சோதனை முடிவுகளும் வந்துள்ளன. பழக்கமான பாட்டில்தானே என்று வெறும் கையால் யாரும் தொடுவதில்லை.

கிடைத்தது இன்னதுதான் என்று நிரூபிக்க மாதிரிகள் சென்னைக்குப் போகும், ஐ.ஐ.டி. மெட்ராஸின் கருவி மையம் வெளியாட்களின் மாதிரிகளையும் எடுத்துத் தரும். விண்ணப்பத்தில் போரான்-11 என்.எம்.ஆர். என்று தனியாக எழுத வேண்டும். நம் எஸ்டர் 30 பி.பி.எம். அருகே காட்டும், 22 அருகே ஏதாவது தெரிந்தால் போரான் கார்பனை விட்டு ஆக்சிஜனிடம் போயிருக்கிறது. படத்தில் அகலமாக ஒரு மேடு தெரிந்தால் மாணவர்கள் பதறுவார்கள். அது மாதிரிக் குழாயின் கண்ணாடியில் உள்ள போரான். குவார்ட்ஸ் குழாயில் எடுத்தால் மறைந்துவிடும். கார்பன்-13 படத்தில் இதற்கு நேரெதிர்: எண்ணிப் பார்த்தால் ஒரு கார்பன் குறையும். போரானைத் தொட்டு நிற்கும் கார்பனின் சமிக்ஞை அகன்று, தரையோடு கரைந்துவிடுகிறது. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் தவறாமல் அந்தக் கார்பன் எங்கே என்று கேட்பார். நிறை நிறமாலையில், முதன்மைக் கோட்டுக்கு ஒரு நிறை எண் முன்னதாக அதன் கால்வாசி உயரத்தில் இன்னொரு கோடு நின்றால் போரான் இருப்பது உறுதி. இயற்கையில் போரான்-10 ஏறத்தாழ 20 சதவீதம், போரான்-11 மீதி. அந்த 20 சதவீதத்துக்கு நியூட்ரானை விழுங்கும் குணம் இருப்பதால்தான் கல்பாக்கத்து வேக ஈனுலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் அதைச் செறிவாக்கிய போரான் கார்பைடு இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணையில் விளைச்சல் என்று ஒரு பத்தி இருக்கும். அடிக்குறிப்பைப் பார்த்தால்தான் அது குடுவையில் இருந்தபடியே என்.எம்.ஆரில் அளந்ததா, பிரித்தெடுத்து எடை போட்டதா என்று தெரியும். போரான் வேதியியலில் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கலாம். உலோகத்தின் திறமையைப் பேசும் கட்டுரைக்கு முதல் எண் போதும். எங்களிடம் பொருள் கேட்பவருக்கு இரண்டாம் எண்தான் கணக்கு. வெளியூர் ஆய்வகங்களில் வினையூக்கியை மாற்றி மாற்றி முதல் எண்ணை 90க்கு மேலே தள்ளிக்கொண்டிருந்த ஆண்டுகளில், எங்களால் அந்தப் பந்தயத்தில் ஓட முடியவில்லை. ஈந்தணைவிகளை வரிசையாக வாங்கிப் பார்க்க நிதி இல்லை. இரண்டாம் எண்ணை உயர்த்துவதற்கு நிதி அவ்வளவு தேவைப்படவில்லை. எந்தக் கரைப்பானில் கழுவினால் பினகோல் போகும், எதைக் காலத்தில் போடாமலே படிகமாக்கலாம், எதை அன்றே உப்பாக்க வேண்டும் என்று பார்ப்பதற்குக் கண்ணும் பொறுமையும் போதும்.

அதனால் எங்கள் குறிப்பேட்டில் இரண்டு விளைச்சல்களையும் எழுதச் சொல்கிறேன். நடுவில் காணாமல் போனது எங்கே போனது என்பதற்கு ஒரு பத்தியும் உண்டு. சிலிக்காவிலா, நீர் அடுக்கிலா, போரான் கழன்ற வெறும் வளையமாகவா? மாணவர்களுக்கு இது பிடிக்காது. இழப்பை எழுதுவது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அந்தப் பத்தியிலிருந்துதான் அடுத்த வினைக்கான யோசனை வருகிறது. போரான் கழன்ற வளையம் நிறைய இருந்தால் காரத்தைக் குறைக்க வேண்டும் அல்லது வேறு எஸ்டருக்கு மாற வேண்டும். நீர் அடுக்கில் போயிருந்தால் கழுவுவதற்கு முன் கரைப்பானை மாற்ற வேண்டும். இரண்டும் இல்லாமல் தொடக்கப் பொருளே மீதியிருந்தால் மட்டும் உலோகத்தைப் பற்றி யோசிப்போம். புதிய உலோகம் கேட்டு வருபவர்களிடம் முதலில் அந்தப் பத்தியைக் காட்டச் சொல்வேன். அது நிரம்பியிருந்தால் உட்கார்ந்து பேசுவோம். வெறுமையாக இருந்தால் பழைய வினையையே இன்னொரு முறை போடச் சொல்லி அனுப்புவேன்.